பாதுகாப்புக் கமராவுக்கு எந்த வடம்?
தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் – வலையமைப்பு ஊடகங்கள்: பிரயோகப் பாடம்

க.பொ.த. (சாதாரண தரம்) தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் தரவு ஊடுகடத்தும் ஊடகங்கள் பற்றிய பகுதியை மாணவர் பலர் மனனம் செய்தே கடந்துவிடுகின்றனர். முறுக்கிய சோடி வடம், ஓரச்சு வடம், ஒளியியல் நார் என மூன்று பெயர்களையும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நன்மை இரண்டு தீமைகளையும் பாடமாக்கினால் சில புள்ளிகள் கிடைக்கும். ஆனால் “பின்வரும் சூழ்நிலைக்குப் பொருத்தமான ஊடகத்தைத் தெரிவுசெய்து காரணம் தருக” என்று வினா வரும்போது மனனம் கைகொடுப்பதில்லை. காரணத்தை எழுதுவதற்குச் சூழ்நிலையை அளக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே இப்பாடத்தில் ஒரேயொரு சூழ்நிலையை எடுத்து முழுமையாக ஆராய்வோம். அது வன்னியில் உள்ள ஒரு வீட்டுக்குப் பாதுகாப்புக் கமரா பூட்டுவது. வெட்டு முடிந்து களஞ்சியத்தில் அடுக்கிய நெல் மூடைகள், கிணற்றடியில் நிற்கும் நீர்ப்பம்பி, இரவில் படலை திறக்கும் சத்தம் ஆகியவையே பெரும்பாலும் இத்தேவையை உண்டாக்குகின்றன. கமராவின் விலையையும் படத்தின் தெளிவையும் வீட்டார் நாலு கடை ஏறி விசாரிப்பர். வடத்தை மட்டும் பூட்ட வருபவர் கொண்டுவருவதே என்று விட்டுவிடுவர். கமரா பிழைத்தால் கழற்றி மாற்றலாம். மண்ணுக்குள்ளும் சுவருக்குள்ளும் போன வடம் பிழைத்தால் மண்ணையும் சுவரையும் மறுபடி கிண்ட வேண்டும். வீட்டில் இதைக் கேட்டுத் தெரிந்து சொல்லக்கூடியவர் சில வேளை நீங்கள் ஒருவரே.

வளவை அளத்தல்

நகரத்து வீட்டுக்கும் வன்னி வீட்டுக்கும் இவ்விடயத்தில் உள்ள முதல் வேறுபாடு தூரமாகும். இங்கு குடியேற்றத்திட்டக் காணிகள் பலவும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் எனப் பரந்தவை. ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4047 சதுர மீற்றர். வீதிமுகப்பு 40 மீற்றரும் ஆழம் 100 மீற்றரும் கொண்ட ஒரு காணி அண்ணளவாக ஓர் ஏக்கர் ஆகும். இத்தகைய ஒரு வளவைக் கருதுக. படலை வீதிமுகப்பின் நடுவில் உள்ளது. வீடு படலையிலிருந்து 70 மீற்றர் உள்ளே இருக்கிறது. பதிவுக்கருவி வீட்டின் அறையில் வைக்கப்படுகிறது. நான்கு கமராக்கள் தேவை: விறாந்தை, குசினிப் பக்கக் களஞ்சியம், கிணற்றடி, படலை.

விறாந்தைக்கு 12 மீற்றரும் களஞ்சியத்துக்கு 25 மீற்றரும் கிணற்றடிக்கு 40 மீற்றரும் வடம் போதும் என்று கொள்வோம். இம்மூன்றிலும் சிக்கல் இல்லை. சிக்கல் படலையில் உள்ளது. வடத்தை முற்றத்தின் நடுவே நேராகப் புதைத்தால் 70 மீற்றர். சுவரில் ஏறி இறங்குவதற்கும் அறைக்குள் வளைத்துச் செல்வதற்கும் 10 மீற்றர் சேர்த்தால் 80 மீற்றர். முற்றத்தைக் கிண்ட விருப்பமின்றி வேலியோரமாகக் கொண்டுசென்றால், படலையிலிருந்து பக்கவேலிக்கு 20, வேலி நெடுக 70, வேலியிலிருந்து வீட்டுக்கு 20, ஏற்ற இறக்கத்துக்கு 10 என மொத்தம் 120 மீற்றர் ஆகிறது.

முறுக்கிய சோடி வடத்தில் ஈதர்நெற் இணைப்பு ஒன்றின் அதியுயர் நீளம் 100 மீற்றர். இதனைப் பரீட்சைக்கு மாத்திரமன்றி வளவுக்கும் நினைவிலிருத்துக. ஒரே வளவில் ஒரே கமராவுக்கு ஒரு பாதை எல்லைக்குள் இருக்கிறது, மற்றப் பாதை எல்லையை மீறுகிறது. கடைக்குப் போகும் முன்னர் அளவுநாடாவோடு வளவைச் சுற்றுவது இதற்காகவே. நேர்கோட்டுத் தூரத்தையன்றி வடம் உண்மையில் செல்லும் பாதையையே அளக்க வேண்டும்.

கமரா எவ்வளவு தரவை அனுப்புகிறது?

1920 × 1080 படப்புள்ளிகள் கொண்ட ஒரு படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிற்று வீதம், செக்கனுக்கு 25 படங்கள் எடுக்கப்படுகின்றன எனக் கொள்க. ஒரு செக்கனுக்கு

1920 × 1080 × 24 × 25 = 1,244,160,000 பிற்று

அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 1244 மெகாபிற்று. இதனை அப்படியே அனுப்ப ஜிகாபிற்று வடங்கூடப் போதாது. ஆனால் கமராவினுள்ளேயே தரவு நெருக்கப்படுகிறது. அடுத்தடுத்த இரு படங்களுக்கிடையில் மாறாத பகுதியைத் திரும்பத் திரும்ப அனுப்பாமல் மாறிய பகுதியை மட்டும் அனுப்புவது இதன் அடிப்படை. ஆளரவமற்ற முற்றத்தில் மாறுவது மிகக் குறைவு என்பதால் நெருக்கம் நன்கு பலனளிக்கிறது. நெருக்கிய பின்னர் செக்கனுக்கு 4 மெகாபிற்று அளவே வருகிறது எனக் கொண்டால், தரவு ஏறத்தாழ 311 இல் ஒரு பங்காகச் சுருங்கியுள்ளது.

இக்கணிப்பிலிருந்து ஒரு முக்கியமான முடிவைப் பெறலாம். நான்கு கமராக்களும் சேர்ந்து செக்கனுக்கு 16 மெகாபிற்று அனுப்புகின்றன. செக்கனுக்கு 100 மெகாபிற்று கடத்தும் சாதாரண இணைப்பே இதற்குத் தாராளம். “கமரா தெளிவாகத் தெரிய விலைகூடிய வடம் போடவேண்டும்” என்று யாரேனும் கூறினால், படத்தின் தெளிவைப் பொறுத்தவரை அக்கூற்று சரியானதன்று. வடத்தின் தரம் வேறு காரணங்களுக்காகவே முக்கியம் பெறுகிறது. அவற்றைப் பின்னர் காண்போம்.

பதிவுக்கருவியின் வன்தட்டையும் இதே எண்களால் கணிக்கலாம். செக்கனுக்கு 4 மெகாபிற்று என்பது 0.5 மெகாபைற்று. ஒரு நாளில் 86,400 செக்கன். எனவே ஒரு கமராவுக்கு நாளொன்றுக்கு 43,200 மெகாபைற்று, அதாவது 43.2 ஜிகாபைற்று. நான்கு கமராக்களுக்கு 172.8 ஜிகாபைற்று. 1 ரெராபைற்று வன்தட்டு ஆறு நாட்களுக்கும் முழுதாகப் போதாது. பிற்றையும் பைற்றையும் குழப்பி 8 ஆல் பிரிக்க மறந்தால் விடை எட்டு மடங்கு பிழைக்கும். மாணவர் புள்ளிகளை இழக்கும் இடங்களுள் இதுவும் ஒன்று.

ஊடகங்களை ஒவ்வொன்றாக நோக்குதல்

ஓரச்சு வடத்தின் நடுவே ஒரு செப்புக் கம்பியும், அதனைச் சுற்றிக் காவலியும், அதற்கு வெளியே பின்னிய உலோக உறையும் உண்டு. தொலைக்காட்சி அன்ரனாவிலிருந்து வரும் வடம் இவ்வகையினதே. பழைய ஒப்புமைக் கமராக்கள் இதனையே பயன்படுத்தின. இன்றும் ஒப்புமை முறையில் உயர் தெளிவுப் படம் தரும் கமராக்கள் விற்பனையில் உள்ளன. வீட்டில் முன்பே ஓரச்சு வடம் பதிக்கப்பட்டிருந்தால் அத்தகைய கமராவை வாங்கி அதே வடத்தைப் பயன்படுத்துவது புத்திசாலித்தனம். புதிதாகத் தொடங்கும் வீட்டுக்கு அதனைத் தெரிவுசெய்ய வலுவான காரணம் இல்லை. ஒவ்வொரு கமராவுக்கும் மின்னுக்கென வேறு கம்பியும் இழுக்க நேரும்.

வலையமைப்புக் கமரா இலக்கமுறைத் தரவையே அனுப்புகிறது. இவ்வகையின் முதல் வணிகக் கமராவை 1996 இல் சுவீடனின் அக்சிஸ் நிறுவனம் வெளியிட்டது. வீட்டுக்கான கமராப் பாதுகாப்பு என்ற எண்ணம் அதனினும் மூத்தது. நியூயோர்க் நகரில் வாழ்ந்த மரி வான் பிரிட்டன் பிரவுண் என்ற தாதியொருவர் தம் கணவருடன் சேர்ந்து 1966 இல் அதற்கு ஆக்கவுரிமை கோரினார். 1969 இல் அது வழங்கப்பட்டது. இரவில் கதவைத் தட்டுவது யார் என்பதைப் படுக்கையறையில் இருந்தே பார்க்க அவர் விரும்பினார். நம் வளவின் படலைக் கமராவுக்கும் அதே நோக்கந்தான்.

கம்பியில்லா இணைப்பு கேட்பதற்கு இலகுவானது. ஆனால் கம்பியில்லாக் கமராவுக்கும் மின் கம்பி வேண்டும் என்பதைப் பலரும் வாங்கிய பின்னரே உணர்கின்றனர். மின்கலத்தில் இயங்குபவை உண்டு. அவை பெரும்பாலும் அசைவைக் கண்டபோது மட்டும் விழித்துப் பதிபவை. தவிர, 70 மீற்றருக்கு அப்பால், இடையில் சீமெந்துச் சுவரும் மாமரமும் நிற்கையில், அலையின் வலு குறைகிறது. விறாந்தைக்குச் சரி, படலைக்கு நம்பமுடியாது.

ஒளியியல் நாரில் தரவு ஒளித்துடிப்பாகச் செல்கிறது. சார்ள்ஸ் காவோ 1966 இல் இதன் சாத்தியத்தை விளக்கினார். 2009 இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். பல கிலோமீற்றர் தூரத்துக்கு இது செல்லும், மின்காந்த இரைச்சல் இதனைத் தாக்காது. வீட்டுக்கு இது தேவையற்றது என்று ஒரேயடியாக ஒதுக்கிவிடலாகாது. மின்னல் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்புவோம்.

எஞ்சியிருப்பது முறுக்கிய சோடி வடம். எட்டுக் கம்பிகள், நான்கு சோடிகள். ஒவ்வொரு சோடியும் ஏன் முறுக்கப்பட்டுள்ளது? ஒரு சோடியின் இரு கம்பிகளிலும் சமிக்ஞை எதிர் எதிராக அனுப்பப்படுகிறது. பெறும் முனை இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டுமே வாசிக்கிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் முறுக்கு காரணமாக இரு கம்பிகளையும் ஏறத்தாழச் சமமாகத் தாக்குகிறது. வித்தியாசம் எடுக்கும்போது அது நீங்கிவிடுகிறது. அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881 இல் தொலைபேசிக் கம்பிகளுக்காக ஆக்கவுரிமை பெற்ற உத்தி இது. நான்கு சோடிகளின் முறுக்கும் ஒரே அளவினதன்று. ஒரு சோடி பக்கத்துச் சோடியைக் குழப்பாதிருக்கவே அவ்வாறு செய்யப்படுகிறது.

கற் 5இ வகை வடம் 100 மெகாஏட்சு வரை சோதிக்கப்பட்டது. செக்கனுக்கு 1 ஜிகாபிற்றை 100 மீற்றருக்குக் கடத்தும். கற் 6 வகை 250 மெகாஏட்சு வரை சோதிக்கப்பட்டது. குறுகிய தூரத்துக்குச் செக்கனுக்கு 10 ஜிகாபிற்றும் கடத்தும். முன்னர் கண்ட 4 மெகாபிற்றை நினைவுகூர்ந்தால் கற் 5இ போதும் என்பது தெளிவு. கற் 6 இன் செப்புக் கம்பி பொதுவாகச் சற்றுத் தடித்தது. அதனால் தடை குறைவு, நீண்ட பாதைக்கு அது ஓர் அனுகூலம். விலை வித்தியாசம் சிறிதாயின் வாங்கலாம், பெரிதாயின் அப்பணத்தை நல்ல வெளிப்புற உறைக்குச் செலவிடுவதே மேல்.

ஒரே வடத்தில் தரவும் மின்னும்

இப்பகுதியை விஞ்ஞானப் பாடத்து ஓமின் விதியுடன் சேர்த்துப் படிக்கவும்.

வலையமைப்பு வடத்தினூடாகவே கமராவுக்கு மின்னையும் அனுப்பலாம். இம்முறை பி.ஓ.ஈ எனப்படும். 2003 இல் 802.3ஏ.எப் என்ற நியமமாக இது வெளியானது. அதன்படி ஆளி ஒவ்வொரு துறையிலும் 15.4 வாற்று வரை வழங்கும். வடத்தில் ஏற்படும் இழப்புப் போக 12.95 வாற்று கருவிக்குக் கிடைக்கும் என நியமம் உறுதிசெய்கிறது. 2009 இல் வந்த நியமம் ஆளியின் முனையில் 30 வாற்று வரை அனுமதிக்கிறது. இங்கு ஆளி என்பது மின்குமிழை எரிக்கும் ஆளியன்று, வலையமைப்புக் கருவிகளை இணைக்கும் ஆளி. விடை எழுதுகையில் “வலையமைப்பு ஆளி” என்று எழுதுவது பாதுகாப்பானது.

நியம முறையில் வோல்ற்றளவு ஏறத்தாழ 48 வோல்ற்று. மலிவான வேறொரு முறையும் சந்தையில் உண்டு. 12 வோல்ற்று அடப்ரரின் மின்னை வடத்தின் பயன்படாத இரு சோடிகளில் நேரே செலுத்திவிடுவர். எது வேண்டும்? படலைக் கமராவின் 80 மீற்றர் பாதையை வைத்துக் கணித்துப் பார்ப்போம்.

கற் 5இ வடத்தின் ஒரு கம்பிக்கு 100 மீற்றரில் அதியுயர் தடை 9.38 ஓம் என நியமம் கூறுகிறது. மின் ஒரு சோடியின் இரு கம்பிகளிலும் சமாந்தரமாகச் செல்கிறது. எனவே தடை பாதியாகும். மற்றச் சோடியில் திரும்பி வருகிறது. எனவே இரு மடங்காகும். பாதியும் இரு மடங்கும் சேர, முழுச் சுற்றின் தடை ஒரு தனிக்கம்பியின் தடைக்குச் சமன். 80 மீற்றருக்கு 0.8 × 9.38 = 7.5 ஓம்.

கமரா பகலில் 3 வாற்றும், இரவில் செங்கீழ் விளக்குகள் எரிகையில் 6 வாற்றும் பயன்படுத்துகிறது எனவும், 10 வோல்ற்றுக்குக் கீழ் அது இயங்காது எனவும் கொள்க.

12 வோல்ற்று முறை, பகல்: ஓட்டம் = 3 ÷ 12 = 0.25 அம்பியர். வடத்தில் இழக்கும் வோல்ற்றளவு = 0.25 × 7.5 = 1.9 வோல்ற்று. கமராவுக்குக் கிடைப்பது 10.1 வோல்ற்று. இயங்குகிறது.

12 வோல்ற்று முறை, இரவு: ஓட்டம் = 6 ÷ 12 = 0.5 அம்பியர். இழப்பு = 0.5 × 7.5 = 3.75 வோல்ற்று. கிடைப்பது 8.25 வோல்ற்று. இயங்காது.

48 வோல்ற்று முறை, இரவு: ஓட்டம் = 6 ÷ 48 = 0.125 அம்பியர். இழப்பு = 0.125 × 7.5 = 0.94 வோல்ற்று. கிடைப்பது 47 வோல்ற்றுக்குச் சற்று மேல். சிக்கலே இல்லை.

பகல் முழுவதும் நன்றாகத் தெரிந்த கமரா இருட்டியதும் அணைந்து அணைந்து எரிகிறது. எந்நேரத்துக்காகப் பூட்டினார்களோ அந்நேரத்திலேயே அது குருடாகிறது. கழற்றிக் கடைக்குக் கொண்டுசென்றால் அங்கே மேசையில் ஒரு மீற்றர் வடத்தில் ஒழுங்காக வேலைசெய்யும். கடைக்காரர் பழுதில்லை என்பார், வீட்டார் ஏமாற்று என்பர். குற்றம் இருவரிடத்தும் இல்லை, 7.5 ஓமில் இருக்கிறது. (கணிப்பில் ஓட்டத்தைக் கமராவின் வலுவிலிருந்து இலகுவாக எடுத்துள்ளோம். உண்மையில் வோல்ற்றளவு குறையக் குறைய இவ்வகைக் கமரா கூடிய ஓட்டத்தை இழுக்க முயல்வதால் நிலைமை இன்னும் மோசமாகலாம்.)

வீட்டில் இருந்தே எல்லாக் கமராக்களுக்கும் மின் செல்வதில் இன்னுமொரு நன்மை உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை உங்கள் வீட்டார் மறந்திருக்கமாட்டார்கள். யுத்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட வன்னியின் மூத்த தலைமுறைக்கு அதுவும் பெரிதாகத் தோன்றியிராது. மின்வெட்டு வேளையில் நான்கு கமராக்களுக்கும் நான்கு இடத்தில் மின்கலம் வைப்பது நடவாது. பி.ஓ.ஈ ஆளிக்கும் பதிவுக்கருவிக்கும் ஒரேயொரு தடையில்லா மின்வழங்கி போதும். 12 வோல்ற்று 7 அம்பியர்மணி மின்கலம் 84 வாற்றுமணி சக்தியைக் கொண்டது. கமராக்கள் 24 வாற்று, ஆளியும் பதிவுக்கருவியும் 20 வாற்று எனின், கோட்பாட்டளவில் 84 ÷ 44 = 1.9 மணித்தியாலம். மாற்றும்போது ஏற்படும் இழப்பால் நடைமுறையில் இதிலும் குறையும்.

செப்பா, செப்புப் பூசிய அலுமினியமா?

கடையில் ஒரே நிறத்தில், ஒரே பெயரில் இரு பெட்டிகள் இருக்கும். ஒன்றின் விலை மற்றதிலும் மிகக் குறைவாக இருந்தால், அதன் கம்பி செப்புப் பூசிய அலுமினியமாக இருக்கலாம். உறையிலோ பெட்டியிலோ ஆங்கில எழுத்துகளில் சீ.சீ.ஏ என்று பொறித்திருந்தால் ஐயமில்லை. பொறிக்காமலும் விற்பர். கம்பியைக் கத்தியால் மெல்லச் சுரண்டிப் பார்க்கவும். உள்ளேயும் செந்நிறமாயின் செப்பு, வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். தூக்கிப் பார்த்தாலும் தெரியும். செப்பின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 8.96 கிராம், அலுமினியத்தின் அடர்த்தி 2.7 கிராம்.

இதன் தடை செப்பினதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. 7.5 ஓம் 11.25 ஓமாகிறது. மேற்கண்ட 12 வோல்ற்று முறையில் இப்பொழுது பகலிலேயே இழப்பு 0.25 × 11.25 = 2.8 வோல்ற்று, கிடைப்பது 9.2 வோல்ற்று. கமரா பகலிலும் இயங்காது. தவிர, அலுமினியக் கம்பி இரண்டு மூன்று தரம் வளைத்தால் முறியும். முனையில் ஈரம்பட்டால் வெண்தூளாக அரிக்கும். மாரியில் நீர் தேங்கும் நிலத்துக்கு அது உகந்ததன்று. வலையமைப்பு வட நியமங்கள் செப்பையே கோருகின்றன. செப்புப் பூசிய அலுமினியத்தைக் கற் 5இ என்று பெயரிட்டு விற்பது அந்நியமங்களுக்கு முரணானது. இவ்விடத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கவேண்டாம் என்பதே எமது ஆலோசனை.

வெயில், மண், கறையான், மின்னல்

வீட்டினுள் பதிக்கும் சாம்பல் நிற வடத்தின் உறை பீ.வீ.சியால் ஆனது. வெளியில் இழுத்தால் வெயிலின் ஊதாக்கடந்த கதிர்களால் சில ஆண்டுகளில் வெடித்துவிடும். வெளிப்புறத்துக்கு உரியது கறுப்புப் பொலித்தீன் உறை கொண்ட வடம். புதைப்பதாயின் வடத்தைக் குழாய்க்குள் செலுத்திப் புதைக்கவும். கறையானும் எலியும் உறையை அரிக்கும், மண்வெட்டி அதனிலும் விரைவாக வெட்டும். பனைக்கும் தென்னைக்கும் இடையே கட்டித் தொங்கவிட்ட வடம் ஆடி ஆடியே உள்ளே முறியும், அணிலுக்கும் வசதியாகும். குழாய் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். பின்னொரு நாள் ஒளியியல் நார் இழுக்க நேர்ந்தால் மண்ணைக் கிண்டத் தேவையிராது.

230 வோல்ற்று மின்கம்பியும் வலையமைப்பு வடமும் ஒரே குழாயில் செல்லலாகாது. இது இரைச்சல் பற்றிய விடயம் மட்டுமன்று. காவலி பழுதுபட்டால் உயிராபத்து நேரும். கிணற்றடிக் கமராவுக்கு வடம் இழுக்கையில் பம்பிக்குச் செல்லும் குழாய் முன்பே இருப்பதால் பலர் அதற்குள்ளேயே செலுத்திவிடுகின்றனர். வேறு குழாய் போட்டு, இரண்டுக்கும் இடையே ஓரடி அளவு விலக்கி, குறுக்கிட வேண்டிய இடத்தில் செங்கோணமாகக் கடக்கச் செய்க. காட்டோரக் கிராமங்களில் யானைவேலிக் கம்பத்தில் வடத்தைக் கட்டுவதும் கூடாது. அவ்வேலியில் ஆயிரக்கணக்கான வோல்ற்றுத் துடிப்பு விட்டுவிட்டுச் செல்கிறது.

மின்னல் தனியே கவனிக்கத் தக்கது. இலங்கையில் மார்ச், ஏப்பிரல் மாதங்களிலும் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலும் வரும் பருவப்பெயர்ச்சி இடைக்காலங்களே இடிமின்னல் மிகுந்தவை. மின்னல் கமராவின் மேலேயே விழ வேண்டியதில்லை. அருகில் விழுந்தாலே 80 மீற்றர் செப்புக் கம்பியில் பெரும் வோல்ற்றளவு தூண்டப்படும். அது கமராவோடு நிற்காமல் வடத்தின் வழியே ஆளிக்கும், பதிவுக்கருவிக்கும், அதனோடு இணைந்த கணினிக்கும் வரும். மிகைவோல்ற்றுக் காப்புக் கருவி உதவும். ஆனால் ஒழுங்கான புவித்தொடுப்பு இல்லாத வீட்டில் அது வெறும் பெட்டி. இடிமுழக்கம் தொடங்குமுன் வெளிவடங்களைக் கழற்றிவைப்பது செலவற்ற வழி.

செலவு செய்யக்கூடியவர்களுக்கு ஒளியியல் நார் இங்கேதான் பொருந்துகிறது. நார் கண்ணாடியாலானது, மின்னைக் கடத்தாது. உள்ளே உலோகக் கம்பி இல்லாத வகையைத் தெரிவுசெய்தால் படலைக்கும் வீட்டுக்கும் மின்தொடர்பே இல்லை. 120 மீற்றர் வேலியோரப் பாதையும் அதற்குப் பொருட்டன்று. குறை என்னவெனில், மின்னையும் அது கொண்டுசெல்லாது. படலையில் சிறு சூரியப் படலும் மின்கலமும், இரு முனைகளிலும் ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றும் கருவியும் வேண்டும்.

முனை பொருத்துதல்

ஆர்.ஜே.45 முனையில் 568பி ஒழுங்கில் நிறங்கள் வருமாறு: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைக் கபிலம், கபிலம். செக்கனுக்கு 100 மெகாபிற்று இணைப்பில் தரவு செல்வது 1, 2, 3, 6 ஆம் ஊசிகளில். பச்சைச் சோடி 3 இலும் 6 இலும் பிரிந்து நிற்பதைக் கவனிக்கவும். “இரு முனையிலும் ஒரே ஒழுங்கு இருந்தால் போதும், நிறம் முக்கியமில்லை” என்று தன்விருப்பில் பொருத்துவோர் உளர். மலிவான சோதனைக்கருவியில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். ஆனால் 3 இலும் 6 இலும் வெவ்வேறு சோடிக் கம்பிகள் வந்துவிட்டால் முறுக்கின் பயன் இல்லாமற் போகிறது. குறுகிய வடத்தில் இது தெரியாது. 80 மீற்றரில் படம் உறைந்து உறைந்து வரும். முனையில் முறுக்கை 13 மில்லிமீற்றருக்கு மேல் பிரிக்காதீர்கள்.

கமராவைத் திருப்பும் கோணமும் உங்கள் பொறுப்பே. நம் ஊரில் கிணற்றடி குளிக்கும் இடமுமாகும். பம்பியைக் காக்க வைத்த கமரா அயல்வீட்டுக் கிணற்றையும் பார்த்தால் அது பாதுகாப்பாகாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வீட்டுத் தேவைக்கான தனிநபர் பாவனையை உள்ளடக்காது. ஆயினும் அயலவரின் மானம் சட்டத்தால் மட்டும் காக்கப்படுவதன்று. பூட்டியவுடன் கமராவின் கடவுச்சொல்லையும் மாற்றுக. 2016 இல் மிராய் என்ற தீநிரல் தொழிற்சாலைக் கடவுச்சொல்லுடன் விடப்பட்ட கமராக்களையும் பதிவுக்கருவிகளையும் உலகெங்கும் கைப்பற்றியது.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு கமரா செக்கனுக்கு 2 மெகாபிற்று அனுப்புகிறது. மூன்று கமராக்களின் 10 நாட் பதிவுக்குத் தேவையான கொள்ளளவைக் கணிக்க.

விடை: 2 ÷ 8 = 0.25 மெகாபைற்று, 0.25 × 86,400 = 21,600 மெகாபைற்று = 21.6 ஜிகாபைற்று, 21.6 × 3 × 10 = 648 ஜிகாபைற்று.

2. சோடியின் இரு கம்பிகளை முறுக்காமல் சமாந்தரமாக வைத்தால் என்ன நிகழும்? ஏன்?

விடைக்குறிப்பு: இரைச்சலின் மூலத்துக்கு அண்மையில் உள்ள கம்பி கூடுதலாகப் பாதிக்கப்படும். வித்தியாசம் எடுக்கும்போது இரைச்சல் முற்றாக நீங்காது.

3. படலைக் கமராவுக்கு 40 மீற்றர் செப்பு வடம் போதுமாயின், பாடத்திற் கண்ட 12 வோல்ற்று முறை இரவில் இயங்குமா?

விடை: தடை 0.4 × 9.38 = 3.75 ஓம். இழப்பு 0.5 × 3.75 = 1.9 வோல்ற்று. கிடைப்பது 10.1 வோல்ற்று. இயங்கும், ஆனால் எல்லைக்கு மிக அருகில்.

4. ஒரு வீட்டில் களஞ்சியத்துக்கான பாதை 130 மீற்றர். களஞ்சியத்தில் 230 வோல்ற்று மின் இணைப்பு உண்டு. இரு தீர்வுகளைக் கூறி, மின்னல் மிகுந்த இடத்துக்கு எது உகந்தது எனக் காரணத்துடன் எழுதுக.

விடைக்குறிப்பு: (அ) 100 மீற்றருக்கு உட்பட்ட ஓரிடத்தில் வலையமைப்பு ஆளி ஒன்றை இடையில் வைத்தல். (ஆ) ஒளியியல் நாரும் இரு முனைகளிலும் மாற்றிகளும். உகந்தது (ஆ). நார் மின்னைக் கடத்தாது. களஞ்சியத்தில் மின் இருப்பதால் கமராவுக்கான மின்னை அங்கேயே பெறலாம். “ஒளியியல் நார் வேகமானது” என்று மட்டும் எழுதினால் இவ்வினாவுக்குப் புள்ளி கிடையாது.